செவிடன் மலைக்குக் காது கேட்ட வருஷம்

ஆனி இரண்டாம் தேதி காலையில் காஞ்சான்குளத்து ஜனங்கள் எழுந்து வாசலுக்கு வந்தபோது மேற்கே மலை இல்லை. ஏன் இல்லை என்று ஊரில் ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஆவுடைத்தங்கம் அதைப் பார்த்துப் பேசக்கூடாத பேச்சு ஒன்றைப் பேசிவிட்டாள், கொஞ்சமாவது ரோஷமுள்ள எதுவும் அந்தப் பேச்சைக் கேட்டபிறகு அங்கே நிற்காது. மலை இருந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது, வானத்துக்கு அடியில் நெடுந்தூரத்தில் ஒரு வெள்ளைக்கோடு மினுங்கியது, அதுதான் மேற்குக் கடல் என்று பிறகு தெரிந்தது. கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள், திரும்பித் தங்கத்தின் வீட்டைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து கோலத்தைப் போட்டு முடித்தார்கள்.

அந்த மலைக்குச் செவிடன் என்று பேர். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மனுஷக் காது மாதிரி மடிந்த பாறை ஒன்று உண்டு, ஆனால் எத்தனை தலைமுறை கத்தியும் அதற்குள் ஒரு சொல் ஏறினதில்லை என்பதால் அந்தப் பேர். மலைக்கு மேற்கே நீராழிக்கோணம், அங்கே வருஷத்தில் ஏழு மாதம் மழை. கிழக்கே காஞ்சான்குளம், இங்கே மழை என்பது மலையின் தலைக்கு மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒரு சங்கதி. கடலிலிருந்து வருகிற மேகத்தையெல்லாம் இந்தச் செவிடன் வழிமறித்து மடியில் கட்டிக்கொள்கிறான், நமக்கு ஒரு பொட்டுக்கூட விடுகிறதில்லை என்று ஊருக்குத் தீராத ஆவலாதி. நூற்று நாற்பது வீடும் ஓடைத்தெரு என்கிற ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன, அந்தத் தெருவுக்கு ஏன் அப்படியொரு பேர் வந்தது என்று அங்கே பிறந்து அங்கேயே செத்தவர்கள்கூட யோசித்ததில்லை.

ஆனி முதல் தேதி, மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளத் தொடங்குகிற காலத்தில், ஊர் மொத்தமும் மேற்கு எல்லைக்குப் போய் நின்று மலையை வையும். வசவுநாள் என்று சொல்வார்கள். வசவுக்கல்லின்மேல் ஒருத்தி ஏறி நின்று ஒவ்வொன்றாக எடுத்துவிட, கீழே நிற்கிற கூட்டம் ஒவ்வொன்றுக்கும் ‘கேட்டியா செவிடா’ என்று கத்தும். வழிப்பறிக்காரா, கேட்டியா செவிடா. தின்னு கொழுத்தவனே, கேட்டியா செவிடா. புறமுதுகு காட்டிப் படுத்தவனே, கேட்டியா செவிடா. மொத்தம் இருபத்தேழு வசவு. அத்தனையும் பழசு, ஆயிரம் வாயில் புரண்டு கூர் மழுங்கிப்போனவை, எங்கே பட்டாலும் ரத்தம் வராது. புதிசாக ஒன்று சேர்க்கக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். முடிந்ததும் பானகம் குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள்.

இருபது வருஷமாக அந்தக் கல்லில் ஏறுகிறவள் ஆவுடைத்தங்கம். புருஷன் செத்த மூன்றாம் மாதம், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீர் லாரியை மறித்து டிரைவரைப் பேசின பேச்சில் லாரி தானாகவே பத்தடி பின்னால் உருண்டு போனதாக ஊரில் ஒரு கதை உண்டு; அன்றைக்கே ஊர் அவளைக் கல்லில் ஏற்றிவிட்டது. அவளைக் கூப்பிட்டு ஏற்றினவர் கொம்பையா. பஞ்சாயத்து மோட்டாருக்கு அவர் சாவி போட்டால்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும், அவர் வால்வைத் திருகினால்தான் குழாய்க்கு இறங்கும், தண்ணீரில்லாத ஊரில் அதைவிடப் பெரிய பதவி எது இருக்கிறது.

அந்தக் கைப்பிள்ளைதான் செல்லக்கனி. போன வருஷம் நீராழிக்கோணத்துத் தாணுலிங்கத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தாள் தங்கம். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தில் பெண் எடுப்பதே அபூர்வம், எடுத்தார்கள், தங்கத்துக்குத் தலை நிமிர்ந்து நடக்க ஒரு காரணம் கிடைத்தது. வைகாசியில் செல்லக்கனிக்கு நாலாம் மாதம் என்று சேதி வந்ததும் முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, அதைப் பேசி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனாள்.

கணவாய் தாண்டினதும் பஸ் மழைக்குள் நுழைந்தது. சம்பந்திக்காரி பகவதியின் வீட்டு வாசற்படியை உரசிக்கொண்டு வாய்க்கால் ஓடியது, கிணற்றில் குனிந்து கையாலேயே தண்ணீர் மொள்ளலாம் போலிருந்தது. பகவதி மோசமான மனுஷி இல்லை. சாப்பாடு போட்டு, வெற்றிலை மடித்துக் கொடுத்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

“மைனி, நீங்க தப்பா நினைக்கப்பிடாது. உங்க ஊருல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?”

நாலு நாளைக்கு ஒருதரம் என்றாள் தங்கம். பதினோரு நாளைக்கு ஒருதரம் என்பது பக்கத்தில் நின்ற செல்லக்கனிக்குத் தெரியும், அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அந்தக் குனிவிலேயே பகவதிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியைத் தண்ணீரில்லாத ஊருக்கு அனுப்ப மனசு வரவில்லை, பேறுகாலம் இங்கேயே நடக்கட்டும், நீங்கள் வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்று சொல்லிவிட்டாள். மகளுடைய தலைப்பிரசவத்துக்கு விருந்தாளியாக வந்து உட்கார வேண்டுமாம். ஊரையே வாயால் உருட்டுகிற தங்கம், கொடுத்த வெற்றிலையை மெல்லக்கூட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

திரும்பும்போது கணவாயில் மழை கத்தரித்தாற்போல் நின்றது. பஸ்ஸின் முன்பாதி வெயிலில் காய்ந்தது, பின்பாதியில் இன்னும் மழை கொட்டியது. அவள் ஜன்னல் வழியே பின்னால் பார்த்தாள். அந்தப் பக்கம் அருவியும் பச்சையுமாக நின்ற அதே மலை இந்தப் பக்கம் வெந்து கருகின முதுகாகத் தெரிந்தது.

ஆக, ஆனி முதல் தேதி கல்லில் ஏறினபோது அவள் பழைய வசவுக்காரியாக ஏறவில்லை. இருபத்தேழையும் ஒழுங்காகச் சொன்னாள், கூட்டமும் ஒழுங்காகக் கத்தியது, கொம்பையா பானகக் குடத்தைத் திறக்கக் குனிந்தார். அப்போது அவள் இறங்காமல் நின்றாள். எம் பிள்ளையைக்கூட எங்கிட்ட வரவிடாம ஆக்கிட்டியே பாவி என்று சாதாரணக் குரலில், பக்கத்துவீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி சொன்னாள், பிறகு சொன்னாள்:

“இனிமே எம் மூஞ்சியிலயே முழிக்காத.”

கூட்டம் பழக்கதோஷத்தில் ‘கேட்டியா செவிடா’ என்று கத்திவிட்டது. கத்தின பிறகுதான் அது இருபத்தெட்டாவது என்று உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, பானகம் அப்படியே குடத்தில் மிஞ்சியது. விடிந்து பார்த்தால் மலை இல்லை. கோபத்தில் நாம் தினமும் நாலு பேரிடம் சொல்லுகிற சொல்தான், சொன்னதற்காக யார் போய்விடுகிறார்கள்? ஆனால் அது மலையல்லவா, மனுஷர்களோடு புழங்கினதில்லை, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகவில்லை அது? மலை கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்; ரொம்ப நாள் ஒரே இடத்தில் கிடந்த அம்மியை நகர்த்தினால் அடியில் எப்படியிருக்குமோ அப்படி, வெளிறின ஈரமண்ணும் எறும்புப் புற்றும் ஓடுகிற நட்டுவாக்காலிகளுமாக இருந்தது. முன்பெல்லாம் ஐந்து மணிக்கு மலைநிழல் தெருவின் வேப்பமரத்தைத் தொட்டதும் பெண்கள் உலை வைப்பார்கள், இப்போது நிழலே வராததால் சோறு பிந்தியது, கோழிகள் கூட்டுக்குப் போகத் தெரியாமல் தெருவில் நின்றன, வெயில் ஏழு மணிவரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்தது. கணவாய் என்று ஒன்று இல்லாமல் போனதால் அதில் நெருக்கியடித்து வருகிற காற்றும் இல்லை, அதை நம்பி நின்ற காற்றாலைகள் வேலையில்லாத ஆட்கள் போலக் கையை விரித்துக்கொண்டு நின்றன. ஜீப்பில் வந்த அதிகாரிகள் வரைபடத்தை விரித்துப் பார்த்து அதில் மலை இருப்பதால் மலை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, மலைமேல் ஆடு மேய்க்கக்கூடாது என்று அந்த வெட்டவெளியைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார்கள். தங்கத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் கொண்டாடினார்கள், திருடனைத் துரத்தினவள் அல்லவா.

முதல் மேகம் வந்த அன்றைக்கு ஊரே குடமும் அண்டாவுமாகத் தெருவில் நின்றது. கடலிலிருந்து அது கிளம்புவது தெரிந்தது, சமவெளியில் மாட்டுமந்தை மாதிரி தாழ்ந்து, நிதானமாக நடந்து வருவது தெரிந்தது. வந்தது, தண்ணீர்த்தொட்டியின் தலையைத் தடவியது, ஓடைத்தெருவுக்குள் நுழைந்து ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தது, பெண்களின் தலைமுடியில் கொஞ்சம் பிசுபிசுப்பை விட்டுவிட்டுத் தெருவின் கிழக்குக் கோடி வழியாக வெளியேறிப் போயே போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை. அடுத்தது பெய்யும் என்றார் கொம்பையா. அடுத்ததும் வந்தது, அடுத்ததும் போனது. ஆனி முழுக்க வந்தன, ஆடி முழுக்க வந்தன, நிறைசூலியாக வந்தன, நிறைசூலியாகவே போயின, கிழக்கே முப்பது மைலில் இருக்கிற இன்னொரு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தன.

தங்கம் ஒரு வெறும் பானையை எடுத்து வைத்து, பெய்யாமல் போகிற ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவந்தாள். ஏன் போடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது, எண்ணி வைத்தால் என்றைக்காவது கேட்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. ஆடிக் கடைசியில் ஒரு பானை நிறைந்துவிட்டது. பிறகு மேகங்கள் நெருக்கமாக வர ஆரம்பித்தன, பானைகளும் சீக்கிரம் சீக்கிரமாக நிறைந்தன.

ஆவணியில் வளைகாப்பு முடிந்த கையோடு, ஒருநாள் உச்சிவெயிலில் பகவதியே செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். ஒரு கையில் துணிமூட்டை, இடுப்பில் வாய் கட்டின பித்தளைக்குடம். கிணற்றில் கடைசியாக மொண்ட தண்ணீர் என்று சொல்லி அதை இறக்கி வைத்தாள். நீராழிக்கோணத்தில் அருவி இருந்த இடத்தில் இப்போது பாறையும் இல்லை, வாய்க்காலில் ஆடு படுத்திருக்கிறது, தாணுலிங்கம் வேலை தேடி வடக்கே போய்விட்டான். தங்கம் மகளைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே கூசியது. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்த விதத்தைப் பார்த்தால் வாய்க்கரிசி மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மேகம் தெருவைத் தாண்டிப் போனது. தங்கம் கொட்டையைப் போட்டாள். தடுக்கிறதுக்குத்தான் ஆளில்லையே, பெய்தால் என்ன கேடு இந்த மேகத்துக்கு என்று பகவதியிடம் அலுத்துக்கொண்டாள்.

“தடுத்தாத்தான மைனி பெய்யும்,” என்றாள் பகவதி. “தலைச்சுமையோட சமதரையில போறவ எதுக்கு இறக்கி வைக்கப்போறா? மலை ஏறணும். ஏற ஏறக் குளிரும், மூச்சு முட்டும், இனி முடியாதுன்னு சுமைய அங்கயே போடுவா. எனக்க ஊருல நான் தினமும் பாக்குறதுதானே. அது வழிமறிக்கல. ஏறவச்சுது.”

இருபது வருஷம் தங்கம் வைததும், அவளுக்கு முன்னால் ஊர் வைததும், எல்லாம் எவன் சோறு போட்டானோ அவனையா? அந்தப் பக்கம் பெய்ததில் ஊறி வந்ததுதானே இந்தப் பக்கத்துக் கிணற்றில் கிடந்த கொஞ்சமும், லாரியில் வந்ததும் அங்கேயிருந்துதானே. பானையை மெல்லத் தள்ளி வைத்தாள்.

புரட்டாசியில் தண்ணீர் லாரி வருவது நின்றது. கொம்பையா தினமும் மோட்டாரைப் போட்டார், மோட்டார் காற்றை உறிஞ்சி ஊளையிட்டது. ஐப்பசி பிறந்து எட்டாம் நாள் டவுன் ஆஸ்பத்திரியில் செல்லக்கனிக்குப் பெண்குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் ஒரு குறையுமில்லை, ஆனால் பிள்ளை இன்னும் கண் முழிக்கவில்லை. பால் குடித்தது, கையைக் காலை ஆட்டியது, கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருந்தது. பார்க்க வந்த பெண்கள், பார்க்கிறதுக்கு மேற்கே ஒன்றுமில்லையே, எதைப் பார்க்கக் கண் திறக்கும் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பித்தளைக்குடத்துத் தண்ணீரைக் கைகையாக எடுத்துப் பிள்ளையைத் துடைத்தாள் பகவதி. அடியில் நாலு விரற்கடை பாக்கி இருந்தது.

மறுநாள் காலையில் கிழக்குக் கடற்கரையிலிருந்து வருகிற மீன்காரி வெறுங்கூடையோடு வந்தாள். ஒரு வாரமாக வள்ளம் இறங்கவில்லை என்றாள். கடல்மேல் மேகம் நிற்கிறதாம், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கோல்படப்பு மாதிரி அடுக்கி நிற்கிறதாம், கடலே அதன் நிழலில் கறுத்துக் கிடக்கிறதாம், போனதெல்லாம் ஒன்றுகூட எங்கேயும் போகவில்லையாம். சொல்லிவிட்டு அவள் மேற்கே பார்த்து நடையைக் கட்டினாள், எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு இந்த ஊரைத் தாண்டி என்று மட்டும் சொன்னாள்.

தங்கம் உள்ளே போய் ஆறு பானைகளையும் பார்த்தாள். ஆறாவது வாய்வரைக்கும் நிறைந்து கூம்பி நின்றது. ஐப்பசியில் காற்று திரும்பும், அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். திரும்பினால் அவை இந்த வழியேதான் வரும். மலை இல்லாவிட்டால் தலைக்குமேல் போய் மேற்குக் கடலில் விழும், இங்கே ஒரு சொட்டு கிடைக்காது, பிள்ளை நா வறண்டு போகும். மலை இருந்தால் அத்தனையும் ஏறும், அத்தனையும் ஒரே நேரத்தில் மூச்சு முட்டி நிற்கும், ஆறு பானையும் இந்தத் தெருவில்தான் கொட்டும்.

அன்றைக்கென்றுதானா கொம்பையா ஊரைக் கூட்டவேண்டும்? கல்யாணப் பந்தலில் சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்து போனால் என்ன செய்வோம், தட்டில் வெற்றிலை வைத்துப் போய் அழைப்போம் இல்லையா, அப்படி மலையையும் அழைத்துவிடுவோம், யார் போகச் சொன்னாளோ அவள்தான் வரச் சொல்லவேண்டும் என்றார். ஊர் ஆமாம் என்றது. தங்கம் பத்து நாள் பொறுக்கச் சொன்னாள். கிழக்கே நிற்கிறது தாண்டிப் போகட்டும், அப்புறம் அழைக்கலாம் என்று பானைகளைக் காட்டிக் கெஞ்சினாள். தண்ணீரைக் கண்டு பயப்படச் சொல்லி அந்த ஊரில் ஒருத்தி பேசினது அதுதான் முதல் தடவை, யாருக்கும் விளங்கவில்லை. துரத்தினதும் நீ, இப்போ வரவேண்டாம்னு சொல்லுததும் நீயா என்று கொம்பையா கேட்டார். அவர் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

அவள் மறுத்திருக்கலாம். அவள் வாயை யார் திறக்க முடியும்? ஆனால் வீட்டுக்குள்ளிருந்து குடத்தின் அடியில் டம்ளர் உரசுகிற சத்தம் கேட்டது. தங்கம் தட்டை வாங்கிக்கொண்டாள்.

வசவுக்கல்லில் அவள் ஏறவில்லை, பக்கத்தில் தரையில் நின்றாள். இருபது வருஷமாக வைது பழகின நாக்குக்கு வேறு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. வெட்டவெளியைப் பார்த்துத் தட்டை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். “நான் பேசினத மனசுல வச்சுக்கிடாதீரும்,” என்றாள் கடைசியில். “எம் பேத்திக்குத் தண்ணி இல்ல. வாரும்.” கூட்டத்தில் ஒருத்தி மெல்லக் குலவை போட்டாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

மதியம் திரும்பி ஐந்து மணிக்கு, நாலரை மாதத்துக்கப்புறம், நிழல் வந்து வேப்பமரத்தைத் தொட்டது. கோழிகள் தாமாகக் கூட்டுக்குள் போயின. ஜனங்கள் வெளியே ஓடிவந்து பார்த்தபோது செவிடன் தன் இடத்தில் இருந்தது, போனபோது எப்படி இருந்ததோ அப்படியே, காதுப்பாறை மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் ஊரைப் பார்த்துத் திரும்பினாற்போல் இருந்தது. பெண்கள் அழுதார்கள், ஆண்கள் தெருவில் விழுந்து கும்பிட்டார்கள். அந்த நேரத்தில்தான் காற்றும் திரும்பியது. உப்புவாசம் அடித்தது, கிழக்கிலிருந்து.

தங்கம் தெருவின் கிழக்குக் கோடிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே இன்னொரு மலை எழுந்து நின்றது, செவிடனைவிட மூன்று மடங்கு உயரம், கறுப்பு, அது நடந்து வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி ஓடைத்தெருவைப் பார்த்தாள். மேற்கே மலையடியில் தொடங்கி, நடுவில் வளைந்து, கிழக்கே சரிந்து போகிற தெரு. இரண்டு பக்கமும் கரை மாதிரி மேடு. அட பாவிகளா, ஓடையிலா இத்தனை காலமும் குடியிருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மலைக்குப் போயிருவோம், வாங்க எல்லாரும் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். பிள்ளைகளைத் தூக்குங்க, சாமான் வேண்டாம் என்றாள். ஒன்பது வீட்டார் வந்தார்கள், அதுவும் அவள் வாய்க்குப் பயந்துதான். மற்றவர்கள் அண்டாவையும் குடத்தையும் வாசலில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள், தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த மழையை விட்டுவிட்டு யார் ஓடுவார்கள்? கொம்பையா தண்ணீர்த்தொட்டியின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். தங்கம் கீழே நின்று அவரையும் கூப்பிட்டாள்.

“நீ போ தங்கம்,” என்றார் அவர் ஏணியில் இருந்தபடி, சந்தோஷமாக. “இருபத்திரண்டு வருஷத்துல இந்தத் தொட்டி நிறைஞ்சு நான் பாத்ததில்ல. அதை ஒருக்கா பாத்துட்டு வாரேன்.”

செல்லக்கனியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பகவதி சேலைக்குள் பொதிந்துகொண்டு, ஒன்பது வீட்டாரும் ஆடுகளும் பின்னால் வர, தங்கம் அந்த மலையில் ஏறினாள். வாழ்நாளில் அதன்மேல் அவள் கால் வைத்ததில்லை. பாதி வழியில் முதல் சொட்டு விழுந்தது, பகவதி நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு நடையை எட்டிப்போட்டாள். காதுப்பாறையின் மடிப்புக்குள் நுழைந்து அவர்கள் உட்கார்ந்தபோது அவர்களுக்கு மேலே மேகமும் ஏறிவந்து நின்றது. மூச்சு முட்டினது. சுமையைப் போட்டது. கீழே ஊரிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது, ரொம்பநேரம் கேட்டது, பிறகு அது குலவையா கூப்பாடா என்று தெரியாமல் கேட்டது, பிறகு மழை மட்டும் கேட்டது. ஆனி மேகம் பெய்தது, ஆடி மேகம் பெய்தது, ஆவணி மேகமும் புரட்டாசி மேகமும் பெய்தன, விடியும்வரை ஒவ்வொன்றாக வந்து ஏறி இறக்கிவிட்டுப் போயின. தங்கம் கண் மூடாமல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

காலையில் மழை விட்டது. கீழே செம்மண் தண்ணீர் மலையடியிலிருந்து கண்ணுக்கெட்டின தூரம்வரை, தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்த ஆள் மாதிரி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் தண்ணீர்த்தொட்டியின் தலை மட்டும் வட்டமாகத் தெரிந்தது, நிறைந்து நாலாபக்கமும் வழிந்தது. தொட்டியின்மேல் யாரும் இல்லை.

“கண்ணு முழிச்சுட்டு மைனி,” என்றாள் பகவதி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மடியில் பிள்ளை கண்ணை அகலத் திறந்திருந்தது. அது தாயைப் பார்க்கவில்லை, தங்கத்தைப் பார்க்கவில்லை. தலைக்குமேல் மடிந்து நின்ற பாறையை இமை கொட்டாமல் பார்த்தது. மூஞ்சியில் முழிக்காதே என்றவளின் பேத்தி முதன்முதலாக முழித்தது அந்த மூஞ்சியில்தான்.

செல்லக்கனி பிள்ளையைப் பார்க்கவில்லை, அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தெருவைத் தேடினாள், வேப்பமரத்தைத் தேடினாள், தன்னோடு பள்ளிக்கூடம் போனவர்களின் வீடுகளை விரலால் காட்டிக் காட்டித் தேடினாள். பிறகு முகம் கோணியது, எழுந்து நின்று அந்தப் பாறையைப் பார்த்து, அடப் பாழாப்போன என்று வாயெடுத்தாள்.

தங்கம் பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். தன் நெஞ்சோடு அவள் தலையை அழுத்திக்கொண்டு, உதடு அசைகிறது மட்டும் தெரிய, அவள் காதுக்குள் சொன்னாள்:

“சும்மா இரு மக்கா. அதுக்குக் கேக்கும்.”